இறப்புப் பதிவேட்டில் ஒரு கட்டம்

2025 ஜனவரியில், பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரப் பதிவு அலுவலகம் ஒன்றில் ஓர் இறப்புச் சான்றிதழ் திருத்தப்பட்டது. இறந்தவர் மறைந்து அப்போது 54 ஆண்டுகள் கடந்திருந்தன. பெயரிலோ பெற்றோர் பெயரிலோ பிழை ஏதுமில்லை. முந்தைய சான்றிதழ், அவர் 1971இல் காணாமற்போனவர் என்ற அளவில் நின்றுவிட்டது. புதிய சான்றிதழில் இறப்புக்கான காரணம் எழுதப்பட்டிருந்தது. அம்மரணம் இயற்கையானதன்று, வன்முறையால் நேர்ந்தது, பிரேசில் அரசு விளைவித்தது, 1964இல் நிறுவப்பட்ட சர்வாதிகார ஆட்சி, தன் அரசியல் எதிரிகள் எனக் கருதியவர்களைத் திட்டமிட்டுத் துன்புறுத்தியதன் பகுதியாக நிகழ்ந்தது. இதுவே அக்குறிப்பின் சாரம். ஓர் அரசு, தன் சொந்தப் பதிவேட்டில், தன் சொந்த எழுத்தரின் கையால், 'இவரைக் கொன்றது நாமே' என்று எழுதிக்கொள்வது உலக வரலாற்றில் அடிக்கடி நிகழும் செயலன்று.

அவர் பெயர் ரூபென்ஸ் பைவா. 2025இல் சிறந்த பன்னாட்டுத் திரைப்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற, வால்டர் சால்ஸ் இயக்கிய 'ஐ ஆம் ஸ்டில் ஹியர்' படத்தைப் பார்த்த நண்பர்கள் இப்பெயரை அறிந்திருப்பர். படத்தைப் பற்றி எழுதுவது இங்கு நம் நோக்கமன்று. அதில் சில நிமிடங்களே வந்துபோகும் ஒரு காகிதத்தின் வரலாறே நம்மை ஈர்த்தது. இறந்தவரைப் பற்றி அரசு எழுதும் நான்கு வரிகள், அவரைப் பறிகொடுத்தவர்களுக்கு என்னவாக இருக்கின்றன என்பதே நம் கேள்வி.

தமிழ் படித்தவர்களுக்கு இக்கேள்வி முற்றிலும் புதிதன்று. தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் மங்கலமும் ஒன்று. செத்தாரைத் துஞ்சினார் என்பது அதற்கு நாம் வகுப்பில் வழக்கமாகச் சொல்லும் எடுத்துக்காட்டு. சங்கப் பாடல்களின் அடிக்குறிப்புகளைத் தொகுத்தவர்கள், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி என்று மன்னர்களை அவர்கள் இறந்த இடத்தைக் கொண்டே அடையாளப்படுத்தினர். இடம் உண்டு, மென்மையான வினை உண்டு, எப்படி இறந்தான் என்பது மட்டும் இல்லை. நடுகற்களின் மொழி வேறு. செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் காலக் கற்கள், எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், எந்தத் தொறுப்பூசல் என்பவற்றைச் சொல்லி, இன்னான் பட்டான் என்று முடிக்கின்றன. அங்கே ஒருவரும் துஞ்சவில்லை. இழந்தவரிடம் பேசும்போது மென்சொல் வேண்டும் என்பது நம் மரபு. கல்லில் வெட்டும்போது நடந்ததை வெட்ட வேண்டும் என்பதும் அதே மரபு. பிரேசிலின் கதை இவ்விரண்டுக்கும் இடையில் 54 ஆண்டுகள் நடந்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

ரூபென்ஸ் பைவா ஒரு பொறியாளர். 1962இல் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1964 இராணுவப் புரட்சியின்போது பதவி பறிக்கப்பட்டு, சில காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் தாயகம் திரும்பியவர். 1971 ஜனவரி 20 அன்று ரியோ டி ஜெனிரோவின் கடற்கரைப் பகுதியான லெப்லோனில் இருந்த அவர் வீட்டுக்கு ஆயுதம் ஏந்தியவர்கள் வந்தனர். விசாரணைக்கென்று அழைத்துச் சென்றனர். மறுநாள் அவர் மனைவி யூனிஸும் 15 வயது மகளும் கொண்டுசெல்லப்பட்டனர். மகள் விரைவில் விடப்பட்டாள். யூனிஸ் 12 நாட்களுக்குப் பிறகே வீடு திரும்பினார். கணவர் திரும்பவில்லை.

இராணுவம் சொன்ன கதை இது: கைதியை ஒரு காரில் வேறிடத்துக்கு அழைத்துச் சென்றபோது, அடையாளம் தெரியாத ஆட்கள் வழிமறித்துச் சுட்டனர், அந்தக் குழப்பத்தில் அவர் தப்பியோடிவிட்டார். எரிந்த கார் ஒன்றும் சான்றாகக் காட்டப்பட்டது. ஆக, அரசின் ஏடுகளில் ரூபென்ஸ் பைவா தப்பியோடிய கைதி. இறந்தவர் அல்லர். இறவாதவருக்கு இறப்புச் சான்றிதழ் எப்படித் தருவது?

இங்கே காகிதத்தின் முதல் கொடுமை தொடங்குகிறது. ஐந்து குழந்தைகளுடன் நின்ற அப்பெண்ணால் கணவரின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க இயலவில்லை. அவர் பெயரிலிருந்த சொத்தை விற்க இயலவில்லை. மனைவி என்றால் கணவரின் கையொப்பம் வேண்டும். கைம்பெண் என்றால் சான்றிதழ் வேண்டும். அவர் இரண்டுமாக இல்லை. ரியோவை விட்டு சாவோ பாவ்லோவுக்குக் குடிபெயர்ந்தார். நடுவயதில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். பிற்காலத்தில் பழங்குடி மக்களின் நில உரிமைகளுக்காக வாதாடுபவராக அறியப்பட்டார். சட்டத்தின் ஓர் ஓட்டையில் விழுந்தவர் சட்டத்தையே கற்றுக்கொண்டு மேலேறி வந்தார் என்று இதைப் பாராட்டி எழுதுவது எளிது. அவர் அப்படி ஏறி வந்தது எவருடைய பெருந்தன்மையாலும் அன்று என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1979 ஆகஸ்ட் 28 அன்று பிரேசிலில் பொதுமன்னிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாடு கடந்திருந்தவர்கள் திரும்பினர். சிறையிலிருந்தோர் பலர் வெளிவந்தனர். வதை செய்தவர்களும் அதே சட்டத்தின் நிழலில் ஒதுங்கிக்கொண்டனர். அதன் 6ஆம் பிரிவு பலர் கவனிக்காமல் கடந்துபோன ஒன்று. அரசியல் நடவடிக்கையில் ஈடுபட்டிருந்த ஒருவர் தம் இருப்பிடத்திலிருந்து மறைந்து ஓராண்டுக்கு மேல் தகவலில்லை எனில், அவர் 'இல்லாதவர்' என்று அறிவிக்கும்படி குடும்பத்தார் நீதிமன்றத்தை வேண்டலாம் என்றது அப்பிரிவு. இதனால் சொத்துச் சிக்கல்கள் தீரும். தோற்றத்தில் கருணையான ஏற்பாடு. அதன் சொற்களை நின்று படித்தால், மறைந்தவரே எழுவாயாக நிற்கிறார். அவரை மறையச் செய்தவர்களுக்கு அவ்வாக்கியத்தில் இடமில்லை. ஒருவர் தம் வீட்டைவிட்டு எங்கோ போய்விட்டார். ஓராண்டாகக் கடிதம் இல்லை. நம்மூரில் கோபித்துக்கொண்டு வெளியூர் போன மாமனைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறது.

அதே ஆண்டு செப்டம்பரில் அண்டை நாடான அர்ஜென்டினாவின் இராணுவ ஆட்சி இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1974 நவம்பர் முதல் 1979 செப்டம்பர் வரை காணாமற்போனவர்களை இறந்தவர்களாகக் கருதி அறிவிக்கலாம் என்று 22,068ஆம் எண் சட்டத்தை இயற்றியது. இதற்கான மனுவைக் குடும்பத்தார் தர வேண்டும் என்பதுகூட இல்லை; அரசே தரலாம். மனைவி வேண்டாம் என்றாலும் அவள் கணவனை இறந்தவனாக்க அரசுக்கு உரிமை உண்டு. இச்சட்டம் வந்த வேளையும் தற்செயலன்று. அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் அர்ஜென்டினாவில் விசாரணைக்காக வந்திறங்கி, காணாமற்போனவர்களின் குடும்பங்கள் புவனோஸ் ஐரிஸ் வீதியில் நீண்ட வரிசையில் புகாருடன் நின்றிருந்த அதே செப்டம்பர் அது. புகார்க்காரர்களைக் கைம்பெண்களாகவும் அனாதைகளாகவும் மாற்றிவிட்டால் புகார் இராது என்பது கணக்கு. அவ்வாண்டு டிசம்பரில் செய்தியாளர்களைச் சந்தித்த ஆட்சித் தலைவர் விதேலா, காணாமற்போனவர் என்பவருக்கு இருப்பே கிடையாது, அவர் இறந்தவருமில்லை உயிரோடிருப்பவருமில்லை என்று விளக்கமளித்தார். மூன்று மாதங்களுக்கு முன் அவர்களை இறந்தவர்களாக்கச் சட்டம் போட்டதும் அவருடைய அரசே.

இதுவரை சொன்னவை பதிவே இல்லாமையின் கதைகள். பதிவு இருந்தும் அது பொய்யாக இருந்தால் என்னவாகும் என்பதற்கு விளாதிமிர் ஹெர்சாக்கின் சான்றிதழே சாட்சி.

ஹெர்சாக் யூகோஸ்லாவியாவில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் பெற்றோருடன் பிரேசிலுக்கு அகதியாக வந்த யூதர், பத்திரிகையாளர், சாவோ பாவ்லோவின் பொதுத் தொலைக்காட்சியில் செய்திப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்தவர். 1975 அக்டோபர் 25 காலையில், அழைப்பாணையை ஏற்றுத் தாமாகவே இராணுவ விசாரணை மையத்துக்குச் சென்றார். அன்றே இறந்தார். தூக்கிட்டுத் தற்கொலை என்று இராணுவம் அறிவித்து ஒரு புகைப்படத்தையும் வெளியிட்டது. தாழ்வான சன்னல் கம்பியில் கட்டிய இடைவார்; கழுத்தில் அதன் மறுமுனை; தரையைத் தொட்டபடி கால்கள்; மடிந்த முழங்கால்கள். அந்த மையத்தில் கைதிகளுக்குத் தரப்பட்ட உடையில் இடைவாரே கிடையாது என்று அங்கிருந்து மீண்டவர்கள் சொன்னார்கள். பிணக்கூறாய்வு அறிக்கையில் ஒப்பமிட்ட மருத்துவர் ஹாரி ஷிபாட்டா, உடலைப் பாராமலே கையெழுத்திட்டதைப் பின்னர் ஒப்புக்கொண்டார். அந்த அறிக்கையின் வழியாக இறப்புச் சான்றிதழின் காரணக் கட்டத்தில் தூக்கிட்டதால் மூச்சுத்திணறல் என்று ஏறியது.

யூத வழக்கப்படி தற்கொலை செய்துகொண்டவரை மயானத்தின் ஓரத்தில், தனியே அடக்கம் செய்வர். உடலைக் குளிப்பாட்டியவர்கள் அதில் கண்டதை அறிந்த இளம் யூத மதகுரு ஹென்றி சோபெல், அப்படிச் செய்ய மறுத்தார். ஹெர்சாக் மற்றவர்களுடன், மயானத்தின் நடுவிலேயே புதைக்கப்பட்டார். அரசின் காகிதத்துக்கு அவ்வூரில் கிடைத்த முதல் மறுப்பு ஒரு குழியின் இருப்பிடம்! ஆறு நாள் கழித்து, சாவோ பாவ்லோவின் தலைமைப் பேராலயத்தில் கர்தினால் ஆர்ன்ஸ், சோபெல், கிறித்தவப் போதகர் ஜேம்ஸ் ரைட் ஆகிய மூவரும் சேர்ந்து வழிபாடு நடத்தினர். ஆயிரக்கணக்கானோர் உள்ளேயும் வெளியேயும் நின்றனர். பேராலயத்தின் மேடை தற்கொலை செய்துகொண்டவருக்காக அன்று திறக்கப்படவில்லை என்பதைக் கூடியிருந்த ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர்.

ஹெர்சாக்கின் மனைவி கிளாரிஸ் வழக்குத் தொடுத்தார். இழப்பீட்டுத் தொகையை அவர் கேட்கவில்லை. பொறுப்பு யாருடையது என்று நீதிமன்றம் சொல்ல வேண்டும் என்றார். 1978 அக்டோபரில், இராணுவ ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே, மார்சியோ ஜோசே டி மொராயிஸ் என்ற இளம் நீதிபதி இம்மரணத்துக்கு அரசே பொறுப்பு என்று தீர்ப்பெழுதினார். அசாதாரணமான துணிவு. ஆயினும் பதிவேடு அசையவில்லை. தீர்ப்பு ஓர் அலமாரியில் இருந்தது. சான்றிதழ் வேறோர் அலமாரியில் இருந்தது. 1985இல் இராணுவ ஆட்சி முடிந்தது, புதிய அரசமைப்பு வந்தது, தேர்தல்கள் வந்துபோயின. கட்டத்தில் இருந்த சொற்கள் அப்படியே இருந்தன. 2012இல் உண்மை ஆணையத்தின் வேண்டுகோளை ஏற்று சாவோ பாவ்லோ நீதிபதி ஒருவர் திருத்தத்துக்கு ஆணையிட்டார். 2013 மார்ச்சில் புதிய சான்றிதழ் குடும்பத்தார் கையில் தரப்பட்டது. இராணுவ மையத்தில் நேர்ந்த காயங்களாலும் கொடுமைகளாலும் விளைந்த மரணம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. தீர்ப்பிலிருந்து திருத்தத்துக்கு 34 ஆண்டுகள்.

மென்மையாகப் பேச வேண்டிய இடம் என்று தற்கொலையைப் பற்றி நாம் அனைவரும் நினைக்கிறோம், அது சரியே. உண்மையில் அவ்வாறு ஒருவரை இழந்த குடும்பத்துக்குப் பதிவேட்டின் சொல் தரும் வலி தனியான ஒன்று. ஹெர்சாக் குடும்பத்துக்கு நேர்ந்தது அதன் மறுதலை. தந்தை தம்மை விட்டுத் தாமே போனார் என்று இரண்டு மகன்களுக்கு ஓர் அரசு எழுதிக்கொடுத்தது. கொலைக்கு மேல் செய்யப்பட்ட இன்னொரு செயலாகவே அதை எண்ண வேண்டியிருக்கிறது.

பொய்ப் பதிவுகளுக்கு இன்னொரு பயனும் உண்டு என்பது வரலாற்றின் வேடிக்கை. சாவோ பாவ்லோ பிணக்கூறாய்வு நிலையத்துக்கு அரசியல் கைதிகளின் உடல்களுடன் வந்த படிவங்களில், பயங்கரவாதி என்பதைக் குறிக்க 'டி' என்ற எழுத்தைக் கையால் எழுதி அனுப்பினார்கள். உள்ளிருப்போர்க்கு மட்டும் புரிய வேண்டும் என்று இட்ட குறி அது (குழூஉக்குறிக்கு இதைவிடக் கசப்பான எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்காது). பிற்காலத்தில் ஏடுகளைப் புரட்டிய குடும்பத்தாருக்கு அதே குறி வழிகாட்டியது. சுசானா லிஸ்போவா என்ற பெண், 1972இல் மறைந்த தம் கணவர் லூயிஸ் எவுரிக்கோவை 1979இல் கண்டுபிடித்தது ஒரு மயானப் பதிவேட்டில். நகரின் வடக்கோரத்துப் பெருஸ் மயானத்தில், நெல்சன் புவேனோ என்ற வேறொரு பெயரில், தற்கொலை செய்துகொண்டவராக அவர் புதைக்கப்பட்டிருந்தார். பொதுமன்னிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்ட அந்நாட்களிலேயே இச்செய்தி அங்கு அறிவிக்கப்பட்டது. காணாமற்போனவர்கள் வெளிநாட்டில் எங்கோ நலமாக இருக்கிறார்கள் என்ற பேச்சுக்கு அது பதிலாயிற்று. 1990 செப்டம்பரில் அதே மயானத்தில் ஓர் இரகசியப் பெருங்குழி திறக்கப்பட்டு, 1,049 எலும்புப் பைகள் வெளியே எடுக்கப்பட்டன. அவற்றில் அரசியல் கைதிகளோடு, நகரின் பெயரற்ற ஏழைகளும் கலந்திருந்தனர். பின்னவர்களைத் தேடி எந்தக் குடும்பமும் பதிவேட்டைப் புரட்ட வரவில்லை என்பதையும் நினைக்கத்தான் வேண்டும்.

1995 டிசம்பரில், குடியரசுத் தலைவர் ஃபெர்னாண்டோ ஹென்ரிக் கார்டோசோவின் காலத்தில், 9,140ஆம் எண் சட்டம் வந்தது. அரசியல் காரணங்களால் பிடிக்கப்பட்டு மறைந்த 136 பேரின் பெயர்கள் அதன் பின்னிணைப்பாக அச்சிடப்பட்டன. அவர்கள் இறந்தவர்கள் என்று அரசு ஏற்றது. குடும்பங்களுக்கு இழப்பீடும் சான்றிதழும் கிடைத்தன. இச்சட்டத்துக்காகக் குரல் கொடுத்தவர்களுள் ஒருவரான யூனிஸ் பைவா, 1996 பிப்ரவரியில் தம் கணவரின் இறப்புச் சான்றிதழைப் பெற்றார். படத்திலும் இக்காட்சி உண்டு. செய்தியாளர் முன் அவர் அக்காகிதத்தை உயர்த்திக் காட்டுகிறார், முகத்தில் சிரிப்பு. கணவரின் மரணத்தை உறுதிசெய்யும் தாளைக் கையில் ஏந்தி ஒரு பெண் சிரிக்கிறார். 25 ஆண்டுகள் காத்திருக்காதவர்களுக்கு அச்சிரிப்பு விளங்காது.

எல்லோரும் சிரிக்கவில்லை. இறந்தார் என்று ஏற்ற சட்டம், எப்படி, எங்கே, யாரால் என்பவற்றை விட்டுவிட்டது. காரணம் இருக்க வேண்டிய இடத்தில் சட்டத்தின் எண் நின்றது. விண்ணப்பிக்க வேண்டியவர் குடும்பத்தார். பட்டியலில் இல்லாத மரணங்களை மெய்ப்பிக்க வேண்டியவரும் குடும்பத்தார். சமுதாயத்துக்கும் அரசுக்கும் இடையிலான ஒன்றை, ஒரு வீட்டுக்குள் நடந்த துக்கமாகச் சுருக்கிவிட்டார்கள் என்று பலர் மனம் நொந்தனர். நம் கருத்தில் அவர்கள் நொந்தது நியாயமே. ஆயினும், வாடகை கொடுக்கவும் பிள்ளைகளைப் படிக்கவைக்கவும் ஒரு தாள் தேவைப்பட்டவர்களை, முழு உண்மை வரும்வரை காத்திருங்கள் என்று சொல்லும் தகுதி வெளியிலிருக்கும் எவருக்கும் இல்லை.

அர்ஜென்டினாவின் அன்னையர் இவ்விடத்தில் வேறு வழியை எடுத்தனர். 1977 ஏப்ரல் 30 அன்று 14 பெண்கள் புவனோஸ் ஐரிஸின் மே சதுக்கத்தில் கூடியதில் தொடங்கியது அவ்வியக்கம். உயிரோடு கொண்டுபோனீர்கள், உயிரோடு கொண்டுவாருங்கள் என்பது அவர்கள் முழக்கம். 1983இல் மக்களாட்சி திரும்பிய பின், புதைகுழிகளைத் தோண்டி எலும்புகளை அடையாளம் காணும் பணி தொடங்கியபோது, எபே டி போனஃபினியின் தலைமையில் ஒரு சாரார் அதை ஏற்கவில்லை. எலும்பும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம், இழப்பீடும் வேண்டாம் என்றனர். கொன்றவன் பெயரைச் சொல்லாமல் செத்தவன் பெயரை மட்டும் சொல்லும் காகிதத்தைக் கையில் வாங்கினால், மகனைத் தாயே கொன்றதாகும் என்பது அவர்கள் நிலை. மற்றொரு சாரார் தோண்டுவதை ஆதரித்தனர். 1986இல் இயக்கம் இரண்டாயிற்று. ஒரே இழப்பு; இரண்டு அறங்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் துணியவில்லை.

தோண்டியதால் வெளிவந்த ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க முடியாது. இயக்கத்தைத் தொடங்கியவர்களுள் முதல்வரான அசுசேனா வில்லாஃபுளோர் 1977 டிசம்பர் 10 அன்று கடத்தப்பட்டார். அம்மாத இறுதியில் அட்லாண்டிக் கடற்கரையில் ஒதுங்கிய சில உடல்கள், பெயரறியாதோர் என்ற குறிப்புடன் சிற்றூர் மயானம் ஒன்றில் புதைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று அவருடையது என்று 2005இல் தடயவியல் மானுடவியலாளர் குழு உறுதிசெய்தது. அன்று அவ்வுடல்களைப் பார்த்த மருத்துவர்கள், பேருயரத்திலிருந்து கடினமான பொருளின்மேல் மோதியதால் நேர்ந்த மரணம் என்று எழுதிவைத்திருந்தார்கள். கைதிகளை விமானத்திலிருந்து கடலில் எறிந்தார்கள் என்பது உலகுக்குத் தெரியவந்தது பின்னர். பெயர் எழுத இயலாத இடத்தில், கண்டதை எழுதினார்கள். அவர்கள் அதைத் துணிவு என்று நினைத்தார்களோ, வெறும் வழக்கமான அலுவல் என்று நினைத்தார்களோ, அந்த வரி 28 ஆண்டுகள் காத்திருந்தது. வில்லாஃபுளோரின் சாம்பல் மே சதுக்கத்திலேயே புதைக்கப்பட்டது.

1994இல் அர்ஜென்டினா ஒரு புதிய சட்டச் சொல்லைக் கண்டது: 'வலிந்து காணாமலாக்கப்பட்டதால் இல்லாதவர்'. 24,321ஆம் எண் சட்டம், இறப்பை அறிவிக்காமலே, இறப்பு அறிவிப்பினால் கிடைக்கும் குடியியல் பயன்களைக் குடும்பத்துக்குத் தந்தது. சொத்தைப் பிரிக்கலாம், ஆனால் எந்தத் தாயும் தன் மகன் இறந்தான் என்று கையெழுத்திட வேண்டியதில்லை. 1979ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 'இல்லாதவர்' என்ற சொல் உண்டு. முன்னால் ஒரு தொடர் சேர்ந்ததில் அனைத்தும் மாறிவிட்டது. இப்போது செய்தவன் ஒருவன் இருக்கிறான். தன்வினையைப் பிறவினையாக்கும் இலக்கணப் பாடத்தை ஒரு நாடு 15 ஆண்டுகளில் கற்றது.

பிரேசிலுக்கு அப்பாடம் இன்னும் தாமதமாக வந்தது. 2014 டிசம்பரில் உண்மை ஆணையம் தன் இறுதி அறிக்கையை அளித்தபோது, இறந்தோரும் காணாமற்போனோருமாக 434 பேரை அது ஏற்றிருந்தது. மரணங்களை ஆராயும் சிறப்பு ஆணையம் 2022இன் இறுதியில் கலைக்கப்பட்டு, 2024 ஜூலையில் மீண்டும் அமைக்கப்பட்டது. 2024 டிசம்பரில் தேசிய நீதித்துறைக் குழு, 434 பேரின் சான்றிதழ்களையும் சரிசெய்ய நாட்டின் பதிவு அலுவலகங்களுக்கு ஆணையிட்டது. 202 பேருக்குத் திருத்தம்; 232 பேருக்குப் புதிய பதிவு. எந்தக் குடும்பமும் மனுப்போட வேண்டியதில்லை, கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்பது இவ்வாணையின் சிறப்பு. 53 ஆண்டுகளாக அலுவலகப் படியேறியவர்கள் குடும்பத்தார். இம்முறை அலுவலகம் தானே எழுந்து வந்தது. யூனிஸ் பைவா அதைக் காணவில்லை. நினைவிழப்பு நோயில் பல ஆண்டுகள் வாழ்ந்து 2018 டிசம்பரில் காலமானார். ரூபென்ஸ் பைவாவின் உடல் கிடைக்கவேயில்லை.

இவ்வளவு தொலைவு சென்று இதைப் படித்ததற்குக் காரணம் அருகிலேயே இருக்கிறது. இலங்கையில் 1995இல் தற்காலிக ஏற்பாடாக ஓர் இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. 1980களின் இறுதியில் தென்னிலங்கையில் மறைந்த சிங்கள இளைஞர்களின் குடும்பங்கள் அப்போது சான்றிதழுக்காகக் காத்திருந்தன. போர் முடிந்த பின் 2010இல் அதே வகையில் 19ஆம் எண் சட்டம் வந்தது. பயங்கரவாத நடவடிக்கை போன்றவற்றால் காணாமற்போய் ஓராண்டுக்கு மேல் தகவலற்றவரை இறந்தவராகப் பதியலாம் என்றது அது. வடக்கிலும் கிழக்கிலும் வறுமையில் நின்ற பெண்கள் சிலர் மரணச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டனர். பலர் மறுத்தனர். 2016இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, இறந்தார் என்று சொல்லாமல், காணப்படவில்லை என்று மட்டும் சான்று தரும் ஏற்பாடு சேர்ந்தது. அர்ஜென்டினா 1994இல் கண்ட வழிக்கு இது நெருக்கமானது. ஆனால் அங்கே சேர்ந்த அந்த முன்தொடர் இங்கே சேரவில்லை.

2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். விரைவில் வவுனியா முதலிய ஊர்களிலும் பந்தல்கள் எழுந்தன. 'காணாமற்போனோர்' என்ற சொல்லை விலக்கி, 'காணாமலாக்கப்பட்டோர்' என்றே அவர்கள் எழுதினர். இலக்கணம் அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. 2020 ஜனவரியில் அன்றைய குடியரசுத் தலைவர் கோத்தாபய ராஜபக்ச, ஐக்கிய நாடுகள் அவையின் இலங்கைப் பிரதிநிதியிடம், காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டனர் என்றும், அவர்களுள் பெரும்பாலோரைப் புலிகளே கொண்டுபோயினர் என்றும், உரிய விசாரணைக்குப் பின் மரணச் சான்றிதழ் வழங்கப்படும் என்றும் தெரிவித்தார். போர் முடிந்தபோது பாதுகாப்புச் செயலாளராக இருந்தவரும் அவரே. பந்தலில் இருந்தவர்கள் அதை ஏற்கவில்லை.

நம் மக்களின் துக்கத்துக்குத் தேதி வேண்டும். எட்டுக்கும் அந்தியேட்டிக்கும் நாள் எண்ண வேண்டும். ஆண்டுத் திவசத்துக்குத் திதி வேண்டும். மனைவி பொட்டை அழிப்பதா வைத்திருப்பதா என்பதையும் ஊர் அந்த ஒரு நாளைக் கொண்டே கேட்கிறது. மரணச் சான்றிதழிலும் இறந்த தேதிக்கு ஒரு கட்டம் உண்டு. 2009 மே மாதத்தில் முல்லைத்தீவில் கணவனையும் மகனையும் தம் கையாலேயே படையினரிடம் ஒப்படைத்ததாகச் சாட்சி சொன்ன பெண்களுக்கு ஒப்படைத்த நாள் தெரியும், இடம் தெரியும். மற்றத் தேதியை அறிந்தவர் எவரேனும் இருந்தால், அவர் சான்றிதழ் வழங்குகிற பக்கத்தில்தான் இருக்க முடியும். அவரைத்தான் அப்பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.